அக்காவின் ரத்த அழுத்தம்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஓர் அறை உண்டு. சாய்ந்து உட்காரும் நாற்காலி ஒன்று, மேஜை ஒன்று, ஜன்னலுக்குத் திரை. வருகிறவரை உட்கார வைத்து, கால் மேல் கால் போடாதீங்க, பேசாதீங்க என்று சொல்லிக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவோம். பிறகு ஒரு கையின் புஜத்தில் காற்றடிக்கும் பட்டையைச் சுற்றுவோம். இன்னொரு கையின் மணிக்கட்டில் எங்கள் கம்பெனி வாட்சைக் கட்டுவோம். பட்டை சொல்லும் ரத்த அழுத்தத்துக்கும் வாட்ச் சொல்லும் ரத்த அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பதுதான் என் வேலை.

ஊரில் அம்மாவிடம் யாராவது கேட்டால், "எம்பையன் ரெண்டு கையிலயும் பிபி பாக்குற வேலைல இருக்கான்" என்பாள். ஒரு கையில் பார்க்கிறவர்களைவிட இது ஒரு படி மேல் என்பது அவள் எண்ணம்.

பட்டை முரட்டு ஆள். ரத்தக் குழாயை நெரித்து ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்துகிறது. காற்றை மெல்ல விடும்போது ரத்தம் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்து எண்ணைச் சொல்கிறது. வாட்ச் அப்படி இல்லை. அது இருப்பதே தெரியாது. பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, நாடி வந்து போகிற அலையின் வடிவத்தைப் பார்த்து, அழுத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைத் தொடங்க அதற்கு ஓர் எண் வேண்டும். கட்டிக்கொள்கிறவருக்கு முதலில் பட்டையால் அளந்து, அந்த எண்ணை உள்ளே போட வேண்டும். அங்கிருந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று வாட்ச் சொல்லும். ஒருவருக்குப் போட்ட எண்ணோடு இன்னொருவர் கட்டினால் வருவது வெறும் பிதற்றல். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பது நான்தான்.

எங்கள் ஊருக்கு ஏரியூரிலிருந்து உள்ளே போக வேண்டும். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கடலைக்காட்டிலும் தக்காளித் தோட்டத்திலும் கூலிக்குப் போய் எங்களை வளர்த்தாள். அக்கா பத்தாவதோடு நின்று ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டப் போனாள். பிளாஸ்டிக் தாளால் மூடிய அந்தப் பந்தல்களுக்குள் முள் கிழித்த கையோடு அவள் நின்ற வருடங்களில்தான் நான் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிக்கொண்டு இன்ஜினியரிங் சேர்ந்தேன். வீட்டில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்பதுபோல் அக்கா இருப்பாள்.

அக்காவைத் தீர்த்தமலைப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். மாமா சொந்தமாக ஒரு லோடு வண்டி ஓட்டுகிறார். தக்காளி, மாங்காய், சில நாள் கல்யாணச் சாமான். அதிகம் பேசமாட்டார். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் அக்காவுக்கு பிபி ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புஜத்தில் கட்டிய பட்டை தானாகவே அடிக்கடி காற்றேறி இறுக்கும். அதைக் கழற்றாமலே படுக்க வைத்திருந்தார்கள். குழந்தை இறந்து பிறந்தது. பெண் குழந்தை.

அதற்குப் பிறகு ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னாள். "அது கைய இறுக்கறப்பல்லாம் வயித்துல அசைவு கொறஞ்சிக்கிட்டே வந்துச்சுடா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா கைக்குத் தெரியலயே."

இரண்டாவது தடவை உண்டானபோது எல்லோருக்கும் ஒரே கவலைதான். இந்த முறை பிபி ஏறக்கூடாது. ஏறினால் முதல் நாளே தெரிய வேண்டும். முதல் தடவை வந்தவர்களுக்கு மறுபடியும் வரலாம் என்று டாக்டர் சொல்லி, தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் சுகாதார நிலையத்தில் நர்ஸ் பட்டையை எடுத்தாலே அக்காவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"ஏம்மா, இது என்ன பாம்பா? கையக் குடும்மா."

"குடுக்கறேனுங்க சிஸ்டர். ஒரு நிமிஷம்."

கொடுப்பாள். எண் கூடுதலாக வரும். கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தால் குறையும். நர்ஸ் நல்ல அம்மா. குறைந்த எண்ணையும் எழுதிக்கொண்டு, கூடின எண்ணையும் பக்கத்தில் குறித்து வைப்பார்.

அப்போதுதான் வாட்சை அக்காவுக்குக் கொண்டு போனேன். நாலாம் மாதம். அதோடு வந்த சின்னப் புத்தகத்தில் கர்ப்பிணிகள் இதை நம்ப வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. எனக்குத் தெரியாதது இல்லை. கர்ப்பிணிகளை வைத்து நாங்கள் இன்னும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அதனால் அந்த வரி. ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே என் வேலை, நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கம்பெனியில் கேட்டு ஒரு பட்டை மிஷினையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மிஷினைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"இத வெச்சிக்கிட்டா வந்த நீ? வாட்ச்சுன்னு சொன்ன?"

"ஒரு தடவ பட்டையில பாத்து அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்க்கா. அப்புறம் அது பாத்துக்கும்."

"ஒன்ன மாதிரியா அதுவும்? யாராச்சும் ஒருத்தர் சொல்லிக் குடுத்தாத்தான் புத்தி வரும்?"

சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். நான் கட்டினால் அவ்வளவாகப் பயமில்லை என்றாள். நூற்றுப் பன்னிரண்டுக்கு எழுபத்திரண்டு. அருமையான எண். அதை வாட்சில் போட்டேன். அக்காவின் போனில் அதை இணைத்து, அந்தக் கணக்கு என் போனிலும் தெரிகிற மாதிரி செய்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் ஒரு கையில் பட்டை, ஒரு கையில் வாட்ச் என்று வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டியே வந்தன. பட்டை மிஷினைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஓசூரில் டீ குடிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் போனை எடுத்து அக்காவின் பிபியைப் பார்ப்பேன். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினான்கு. அவளோடு பேசியதைவிட அந்த எண்களைப் பார்த்ததுதான் அதிகம்.

ஏழாம் மாதம் மாமா வீட்டில் வளைகாப்பு. காலையில் போய், பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வேலை என்று நான் உடனே கிளம்பிவிட்டேன். அக்காவின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். அதோடு வேப்பங்குச்சியை வளைத்துப் போட்ட காப்பு. கைகள் அப்போதே லேசாக ஊதியிருந்தன. அன்று சாயந்திரமே அம்மா அவளை மாமாவின் வண்டியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் என் போனில் எண் வரவில்லை. வெறும் கோடு. அதற்கடுத்த நாளும் கோடு. அக்காவைக் கூப்பிட்டேன்.

"வாட்ச கழட்டிட்டியா?"

"வளையலு இருக்குதுடா. எங்க கட்டறது?"

"வளையல மேல தள்ளிட்டுக் கட்டு. இல்லாட்டி ரெண்டு மூணு கழட்டி வெச்சிரு."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "கழட்டறதாவது! கொழந்த பொறந்தாத்தான் கழட்டணும். போன தடவ ஊசி போடறேன்னு பாதிய கழட்டுனாங்க, என்ன ஆச்சு?"

"வளையலுக்கு மேல, முழங்கைகிட்ட கட்டிப் பாக்கறேன் போ," என்றாள் அக்கா.

"எப்பிடியோ கட்டு. வரலன்னா நான் லீவு போட்டுட்டு மிஷினோட வந்துருவேன்."

"வேணாஞ்சாமி. மிஷினும் வேணாம், லீவும் வேணாம்."

மறுநாள் காலையில் எண் வந்துவிட்டது. நூற்றுப் பதினாறுக்கு எழுபத்து நாலு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த வாட்ச் நடந்த தூரத்தையும் காட்டும். அக்கா காலையிலிருந்து மதியம் வரை கண்டபடி நடந்துகொண்டிருந்தாள்.

கூப்பிட்டுக் கத்தினேன். "வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு காட்டுக்கும் மேட்டுக்கும் அலையறியா?"

"நான் எங்கடா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "நடந்தாத்தானடா சுகப்பிரசவம் ஆவும்."

நடக்கட்டும், பிபி நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் மாதம் நடுவில் ஒரு வியாழக்கிழமை எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் பார்த்தபோது பட்டையில் நூற்று நாற்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. உட்கார வைத்துப் பார்த்தும் குறையவில்லை. அங்கிருந்த நர்ஸ் அக்காவின் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வூட்ல ஏதோ மிஷின் வெச்சிப் பாக்கறீங்களாமே. அதுல எவ்ளோ வருது?"

நான் போனைப் பார்த்துச் சொன்னேன். ஒரு வாரத்து எண்களை வரிசையாகப் படித்தேன். எல்லாம் நூற்று இருபதுக்குள்.

"அப்பிடியா?" என்றார். அவர் குரலிலும் பாரம் இறங்கியது தெரிந்தது. "இங்க வந்தா பயந்துக்குது போல பொண்ணு."

"ஆமாங்க சிஸ்டர். ஆஸ்பத்திரியப் பாத்தா சில பேருக்கு ஏறும். வூட்ல எறங்கிடும். அதுக்குப் பேரே இருக்குங்க." அதை நான் விளக்கமாகச் சொன்னேன். அவருக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க தம்பி. இருந்தாலும் முந்தியே ஒண்ணு போயிருக்குது. கால்ல வீக்கம் வேற இருக்குது. நாளைக்கே பென்னாகரம் கூட்டிட்டுப் போயி ரத்தமும் மூத்திரமும் டெஸ்ட் பண்ணிருங்க."

மாமா வெள்ளியும் சனியும் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போக ஒப்புக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று என்னிடம் கேட்டார். போனில் எண்ணைப் பார்த்தேன். திங்கட்கிழமை போதும் மாமா என்றேன்.

சனிக்கிழமை காலை அம்மா கூப்பிட்டாள்.

"அவளுக்கு மண்டையப் பொளக்குதாம். கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி இருக்குதுங்கறா. சுக்கு ஒரசிப் பத்துப் போட்டிருக்கறேன். பிபி எவ்ளோ காட்டுது பாரு சாமி."

பார்த்தேன். "நூத்திப் பதினெட்டும்மா. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப வெயிலுதான்," என்றாள் அம்மா. வைத்துவிட்டாள்.

மதியம் நான் அந்த அறையில் ஒருவருக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மாமாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. வெளியில் வந்து எடுத்தேன். அக்காவுக்கு வலிப்பு வந்துவிட்டது. வாசலில் துணி காயப்போடப் போனவள் அப்படியே விழுந்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸ் வந்து, அம்மாவும் கூட ஏறிக்கொண்டு, தர்மபுரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாமாவும் பாதி லோடோடு வண்டியைத் திருப்பிவிட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அக்காவின் எண் வந்துகொண்டுதான் இருந்தது. நாடி வேகம், ஆனால் அழுத்தம் நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்து நாலு. எட்டாம் மாதத்தில் வலிப்பு என்றால் பிபிதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிபி இல்லையே. அப்படியானால் வேறு ஏதோ. மூளையில் ஏதாவதா, பூச்சிக்கடியா, சர்க்கரை இறங்கிவிட்டதா? நான் படித்ததையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். மாமாவைக் கூப்பிட்டு, "டாக்டர்கிட்ட பிபி நார்மலா இருக்குதுன்னு சொல்லிடுங்க மாமா, வேற என்னன்னு பாக்கச் சொல்லுங்க," என்றேன். அவர் சரி மாப்ள என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். வலிப்புக்கு ஊசி போட்டு மயக்கத்தில் இருந்தாள். முகம் ஊதி, கண் இருக்கும் இடமே தெரியவில்லை. வாசலில் அம்மா அக்காவின் போனையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து என் பின்னாலேயே உள்ளே வந்தாள். பெண் டாக்டர் ஒருவர் அவசரத்தில் இருந்தார்.

"நீங்கதான் தம்பியா? பிபி நார்மல்னு சொல்லச் சொன்னது நீங்களா?"

"ஆமாங்க மேடம். இப்பக்கூட..." என்று போனை நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் தலைமாட்டில் இருந்த திரையைக் காட்டினார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பதினெட்டு. அக்காவின் புஜத்தில் பட்டை இருந்தது.

அந்த நேரத்தில் என் கையில் போன் அதிர்ந்தது. புது எண். நூற்று முப்பது, நாடி இன்னும் வேகம். நான் அக்காவின் கையைப் பார்த்தேன். வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. வாட்ச் இல்லை. மற்ற கையிலும் இல்லை. திரும்பினேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கையில் இருந்தது வாட்ச்.

"அம்மா, இது எப்ப இருந்து உன் கையில இருக்குது?"

"வளகாப்புக்கு அடுத்த ரெண்டா நாள்லருந்து," என்றாள். நான் ஏன் கேட்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. "அவளுக்குக் கட்ட முடியலப்பா. மேல கட்டுனாலும் ஒண்ணும் வரல. நீ வேற லீவு போட்டுட்டு வரேன்ன. நாந்தான் எங்கிட்ட குடுன்னு வாங்கிக் கட்டுனேன். அதுக்குள்ள அவ பேரத்தானே நீ பதிஞ்சி வெச்சிருக்கற. நானு அவள பெத்தவ, என் ரத்தந்தானே? ரேஷன் கடைல அவ பங்குக்கும் நான் ரேக வெச்சா சாமான் குடுக்கறாங்களே."

அம்மா ஏமாற்றவில்லை. மகளுக்காகத் தன் கையைக் கொடுத்திருந்தாள். கடலைக்காட்டில் களை வெட்டும்போதும் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒரு எண்கூட விட்டுப்போகக் கூடாதென்று. அந்த வாட்ச் அக்காவின் நாலாம் மாதத்து எண்ணில் தொடங்கி, அம்மாவின் நாடியைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறது. வந்த எண் அக்காவுடையதும் இல்லை, அம்மாவுடையதும் இல்லை. உலகத்தில் யாருக்குமே இல்லாத ரத்த அழுத்தம் அது. அதை வைத்துத்தான் நான் நர்ஸிடமும் மாமாவிடமும் பேசினேன்.

டாக்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குழந்தையை உடனே எடுக்க வேண்டும் என்றார். இன்னொரு ஊசிக்கு நரம்பு வேண்டும். வளையல்கள் வழிவிடவில்லை. நர்ஸ் சோப்பு போட்டு இழுத்துப் பார்த்தார். கை ஊதியிருந்ததால் ஒன்றுகூட நகரவில்லை.

"உடைச்சிடலாம்," என்றார் டாக்டர்.

அம்மா குறுக்கே விழுந்தாள். "வேணாந்தாயி. வேற எங்கியாச்சும் குத்துங்க. கால்ல குத்துங்க. கண்ணாடி உடயக்கூடாதும்மா."

"தள்ளுங்கம்மா! உங்களுக்குப் பொண்ணு வேணுமா வேணாமா?"

நான்தான் அம்மாவைப் பிடித்து இழுத்தேன். நர்ஸ் வளையல்களின் மேல் துணியைச் சுற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நொறுக்கினார். துணிக்குள்ளிருந்து வந்த சத்தம் சின்னதுதான். அம்மா என் தோளில் அறைந்துகொண்டே இருந்தாள், என்னையா தன்னையா என்று தெரியாமல்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். குழந்தையும் அழுதுகொண்டேதான் பிறந்தது என்றார்கள். பெண். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருந்தாளாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மாமாவை மட்டும் ஒருமுறை உள்ளே விட்டுக் காட்டினார்கள். மறுநாள் காலை வெளிச்சம் வந்த பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். நுரையீரல் தாங்கவில்லை.

மாமா வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "பெரியவ பக்கத்துலயே வெச்சிடலாம் மாப்ள," என்றார். பெரியவள் என்று அவர் சொன்னது முதல் குழந்தையை. அதுவரை அப்படி ஒரு சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. தக்காளிக் கூடைகளை ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு கடைக்காரரிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு அதே வண்டியில் போனோம். அவர் ஓட்டினார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். தீர்த்தமலை கண்ணுக்குத் தெரிகிற அவருடைய கொல்லையில், புளியமரத்தை விட்டுத் தள்ளி, அவரே குழி வெட்டினார். மண் கெட்டியாக இருந்தது. நான் மண்வெட்டியை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

வழியில் போகும்போதும் வரும்போதும் வாட்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். திரும்பி வரும்போது நானே ஆரம்பித்தேன். "மாமா, திங்கக்கிழமை போதும்னு நான் சொன்னது..."

"உட்டுடு மாப்ள," என்றார். "நான்தானே கேட்டேன். நீ சரின்னு சொல்லணும்னுதான் கேட்டேன். லோடு இருந்துச்சு."

ஆஸ்பத்திரியில் அம்மாவும் மாமாவின் வீட்டாரும் ஒன்றாகப் பேசி முடிவு செய்திருந்தார்கள். அக்காவிடம் சொல்லக்கூடாது. குழந்தை பெட்டியில் இருக்கிறது, நன்றாக இருக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் பிபி ஏறிவிடும். நர்ஸும் அதையே சொன்னார். இப்போதைக்கு எதையும் கிளறாதீங்க. நியாயமான பேச்சுதான். எல்லோரும் தலையாட்டினோம்.

மறுநாள் என்னை உள்ளே விட்டார்கள். அக்காவின் முகத்தில் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. உதட்டில் கடித்த காயம். கைகள் வெறுமையாக, அங்கங்கே கீறல். திரையில் நூற்று நாற்பத்தாறு.

"எவ்ளோடா இருக்குது?" என்றாள். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது.

"நூத்தி நாப்பத்தாறு."

"நெசமா?"

"நெசம்தான்க்கா. நீயே பாரு."

தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் கண்ணைப் பார்த்தாள்.

"பாப்பா பொட்டியில இருக்குதுன்னு அம்மா சொல்றா. நீ பாத்தியா?"

எண்ணை இறக்கி வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று அந்த வார்டில் டாக்டர்களை விட்டால் எனக்குத்தான் தெரியும். பெட்டியில் இருக்கிறது என்று சொன்னால் போதும். அவள் நம்புவாள். நான் சொன்ன எதையும் அவள் இதுவரை நம்பாமல் இருந்ததில்லை. இன்னும் நாலு நாள் அப்படியே போயிருக்கும்.

"பாத்தேன்க்கா," என்றேன். "நல்லா இருந்தா. மாமா ஜாடை. நேத்துக் காலைல போயிட்டா. நானும் மாமாவும் கொண்டுபோயி வெச்சிட்டு வந்துட்டோம்."

அக்கா அழவில்லை. அப்போது புஜத்தில் பட்டை தானாகக் காற்றேறத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது இறுக்கி முடித்து, காற்றை விட்டு, எண்ணைச் சொல்லும் வரை நான் அவளுடைய மற்ற கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூற்று எழுபத்தெட்டு. மிஷினின் எச்சரிக்கை மணி அடித்தது. நர்ஸ் ஓடி வந்தார்.

"என்னங்க சொன்னீங்க? சொல்லிட்டீங்களா? படிச்சவர்தானே நீங்க? வெளில போங்க மொதல்ல!"

வெளியில் வந்து சுவரோரம் நின்றேன். அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு சரியாக மூடவில்லை. உள்ளே அவள் பேசுவது கேட்டது.

"அவன் கெடக்கறான் கண்ணு, அவனுக்கு என்ன தெரியும்? வேற யாரு கொழந்தையோ பாத்துட்டு வந்து சொல்றான். பொட்டியில இருக்குதுடி. நான் இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். கைய ஆட்டுச்சு."

"அம்மா," என்றாள் அக்கா. குழறலாக இருந்தாலும் தெளிவாகக் கேட்டது. "போதும்மா."

கொஞ்ச நேரம் நர்ஸின் நடமாட்டம் மட்டும் கேட்டது. ஊசி மருந்துக் குப்பியை உடைக்கும் சத்தம். பிறகு அம்மா வெளியில் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வெச்சீங்கன்னு கேக்கறா," என்றாள்.

"பெரியவ பக்கத்துல. மாமா கொல்லையில."

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அதைச் சொல்வதற்காகத் திரும்பவும் உள்ளே போனாள்.